விரல் தெரியணும்

மார்ச் 3

டேய் தம்பி,

வீடியோவை முடிச்சு விசாரணை ஆபீஸ் தளத்துல ஏத்திட்டேன். உனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கேன். பார்த்துட்டு ஒரு வார்த்தை நல்லதா சொல்லு. உன் கையிலிருந்து அது லேசில வராதுன்னு தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

அவங்க கேட்டது இதுதானே. அன்னிக்கு அட்டை வெட்டுற மெஷின்கிட்ட என்ன நடந்ததுன்னு நீ சைகையில சொல்லணும், ஃபைல் ஐம்பது எம்பிக்கு மேல போகக் கூடாது, மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்துச் சொல்றதை அவங்க பதிவு பண்ணிக்குவாங்க. நீ போன்ல எடுத்து அனுப்பினது மலை மாதிரி இருந்தது. அம்மா கை வேற ஆடுது. நான் ஆட்டத்தை நிறுத்தி, நிறத்தைச் சரி பண்ணி, உன் முகத்துக்குக் கிட்டக்க கொண்டு போயிருக்கேன். நொடிக்கு அறுபது படமா இருந்த பிரேமைக் குறைச்சு சினிமா மாதிரி ஆக்கிட்டேன். உன் கண்ணுல இருக்கிற கோபத்தைப் பார்த்தா எந்த அதிகாரியும் ஒரு நிமிஷம் ஆடிப்போவான்.

மணி அடிச்சும் கவனிக்காம மெஷினை ஓட்டி கூட்டாளி கையை நசுக்கிட்டான்னு உன் தலையில கட்டப் பார்க்கிறாங்களே, அதை நினைச்சா எனக்கு இங்கே வேலை ஓடலை. காது கேட்காத ஆள்கிட்ட மணி அடிச்சேன்னு சொல்ல ஒரு நெஞ்சு வேணும். இந்த ஒரு வீடியோவுல அவங்க வாயடைச்சுப் போகணும்.

இசை போடலை. பயப்படாதே.

அக்கா


மார்ச் 7

எடிட்டரம்மாவுக்கு,

கையெடுத்துக் கும்பிடலாம்னா கையைத்தான் நீ வெட்டிட்டியே.

நாலு நிமிஷம் நான் பேசியிருக்கேன். அதுல பாதி நேரம் என் கை படத்துக்கு வெளியே இருக்கு. மிச்ச நேரம் உள்ளே வருது, ஆனா விரல் இல்லை. சாம்பல் நிறத்துல ரெண்டு உருண்டை மேலே கீழே போகுது. நடுவுல என் மெஷின் விளக்கைப் பத்திச் சொல்ற இடத்துல படம் முழுக்கப் பச்சைப் பட்டை பட்டையா விழுது. முகம் அழகா இருக்கு, ஒத்துக்கறேன். தையற்காரன்கிட்ட காட்டினேன். என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், அவனுக்கும் காது கேட்காது. பார்த்துட்டு, "பொண்ணு பார்க்க அனுப்பின வீடியோவா?"ன்னு கேட்டான்.

மொழிபெயர்ப்பாளர் மேடம் ஆபீஸுக்கு எழுதிட்டாங்களாம்: "பேசுபவரின் கைகள் தெளிவாகத் தெரியவில்லை, என்ன சொல்கிறார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது." அவங்க மேல தப்பில்லை. உடனே ஆபீஸ்ல இருந்து எனக்குப் பதில் வந்திருக்கு. இன்னொரு தடவை அனுப்பலாம், இல்லேன்னா எழுத்து மூலமா கொடுத்தா போதும், அதுதான் எல்லாருக்கும் வசதின்னு.

முகத்துக்குக் கிட்டக்க போனேன்னு பெருமையா வேற எழுதியிருக்கே. காது கேட்கிறவங்க எல்லாரும் அப்படித்தான், பேசுறவன் வாயைத் தேடுவீங்க. என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்த நீயும் தேடுறியே, அதுதான் எனக்குப் பொறுக்கலை.

அப்பா என்ன சொல்றார் தெரியுமா? "தப்பாயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு வேலைக்குப் போ." அவர் முன்னாடி உட்கார்ந்து சாப்பிடவே பிடிக்கலை.

தம்பி


மார்ச் 9

துரை அவர்களுக்கு,

திட்டினது போதும். தலையில அடிச்சுக்கிட்டேன், ரெண்டு தடவை. ஒண்ணு உனக்காக, இன்னொண்ணு எனக்காக. பத்து வருஷமா கல்யாண வீடியோ வெட்டுற கை இது. தாலி கட்டும்போது முகத்துக்குப் போ, அழும்போது முகத்துக்குப் போ, அதைத் தவிர வேற தெரியாத கை. பேச்சு எங்கே இருக்குன்னு யோசிக்காம பழக்கத்துல போயிட்டேன். சரி, அதுக்காக நான் யாரோ ஒருத்தியாயிட மாட்டேன். என்னை அந்தக் கூட்டத்துல சேர்க்காதே. கோபம் வருது.

இப்போ கேள். வீடியோவைச் சுருக்கறதுன்னா என்னன்னா, அசையாத இடத்தை ஒரு தடவை எழுதிட்டு, அடுத்த படத்துக்கு "மேலே சொன்னபடியே"ன்னு போட்டுக்கும். அசையற இடத்தை மட்டும்தான் திரும்பத் திரும்ப எழுதணும். நொடிக்கு இவ்வளவுதான் எழுதலாம்னு ஒரு அளவு உண்டு, அதைத்தான் நாங்க பிட்ரேட்னு சொல்றது. நீ எங்கே உட்கார்ந்து பேசினே? பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னாடி. மேலே ஃபேன். திரைச்சீலை முழுக்க ஆடிக்கிட்டே இருக்கு. உன் விரலுக்குச் சேர வேண்டியதை எல்லாம் அந்தப் பூ தின்னுட்டுது. நானும் பிரேமைப் பாதிக்கு மேல குறைச்சேனா, ரெண்டு படத்துக்கு நடுவுல உன் விரல் எங்கேயோ போய் வந்துடுது. அதான் உருண்டை.

திரும்ப எடுக்கணும். திரைச்சீலையைக் கழட்டிடு. வெறும் சுவர் போதும், காலண்டரும் வேண்டாம். ஃபேனை நிறுத்து. கட்டம் போட்ட சட்டை வேண்டாம், ஒரே நிறத்துல இருட்டான சட்டை போட்டா கை தனியா தெரியும். பகல்ல ஜன்னலைப் பார்த்து உட்கார். வெளிச்சம் நிறைய இருந்தாத்தான் போன் வேகமா படம் பிடிக்கும், விரல் இழுபடாது. போனை அம்மா பிடிக்க வேண்டாம், புத்தக அடுக்குல சாய்ச்சு வை. தலையிலிருந்து இடுப்பு வரைக்கும், ரெண்டு பக்கமும் முழங்கை நீட்டினா இடிக்காத அளவு இடம் விடு.

இன்னொண்ணு. சொன்னா சண்டைக்கு வருவே. ஆபீஸ்ல சொல்ற மாதிரி எழுதிக் கொடுத்துட்டா என்ன? என்னைத் திட்டறதுக்கு இவ்வளவு நல்லா எழுதறே. எங்க ஸ்டூடியோ முதலாளிகூட அதைத்தான் சொல்றார்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உங்க முதலாளி கல்யாணத்தை எழுத்து மூலமா கொடுத்தா வாங்கிக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லு.

எழுதத் தெரியாம இல்லை. எழுதிக் கொடுத்தா என்னைப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். படிப்பாங்க, மடிப்பாங்க, அடியில வெச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. இந்த ஒரு வருஷத்துல அந்தக் கம்பெனியில நான் எழுதிக் கொடுக்காத காகிதமா? என் மெஷினுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருந்தது, உனக்குத் தெரியும். உள்ளே யாராவது கை விட்டா மணி அடிக்கும், மத்தவங்களுக்கு அது போதும். எனக்கு விளக்கு மின்னும், நான் நிறுத்திடுவேன். அந்த விளக்கைக் கழட்டிட்டுப் போய் பேக்கிங் பிரிவுல மாட்டிட்டாங்க. வேணும்னு எழுதினேன். "பார்க்கலாம்"னாங்க. திரும்ப எழுதினேன். சூப்பர்வைசர் என் தோளைத் தட்டிட்டு, மணிதான் இருக்கேன்னு காதைக் காட்டினார். என் காதை இல்லை, அவர் காதை.

நான் அட்டையை நுழைச்சேன், பொத்தானை அழுத்தினேன், பாடகர்னு நாங்க கூப்பிடற கூட்டாளியோட கை உள்ளே இருந்தது. அவர் மெஷினோட பாடிக்கிட்டே வேலை செய்யற ஆள். நான் கேட்டதில்லை, தாடை ஆடறதைப் பார்த்திருக்கேன். அன்னிக்கு அவர் வாய் திறந்தது பாட்டுக்குன்னு நினைச்சேன். அந்த முகம் எனக்கு இன்னும் போகலை அக்கா. மணிக்கட்டு எலும்பு ரெண்டா போயிடுச்சு. ஆஸ்பத்திரி செலவைக் கம்பெனி பார்த்துக்குது, அதனால அவர் வாயைத் திறக்க மாட்டார். அவர் மேல எனக்கு வருத்தம் இல்லை.

நான் சைகையில சொன்னா அவங்க என்னைப் பார்த்தே ஆகணும். நாலு நிமிஷம் கண்ணை எடுக்காம பார்க்கணும். அதைத்தான் கேட்கறேன், பெரிசா ஒண்ணும் கேட்கலை.

திரைச்சீலையைக் கழட்டினதுக்கு அம்மா ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. ஃபேன் இல்லாம வேர்த்துக் கொட்டுது. கருநீலச் சட்டை, அப்பாவோடது, கேட்காம எடுத்துக்கிட்டேன். ஒரே மூச்சில எடுத்தது, அனுப்பியிருக்கேன். இதுலயும் கையைக் காணோம்னா நேர்ல வந்து உன் கம்ப்யூட்டர்மேல ஏறி உட்காருவேன்.

தம்பி


மார்ச் 15

டேய்,

இது வீடியோ. இதைச் சொல்லணும். ஒரு வெட்டு இல்லாம அப்படியே வெச்சிருக்கேன். அப்பா சட்டை உனக்கு எடுப்பா இருக்கு, திருப்பிக் கொடுக்காதே.

பச்சைப் பட்டை விஷயம் என்னைப் பாடாய்ப் படுத்திடுச்சு. புது வீடியோவுலயும் அது வந்தது. சாப்ட்வேரை மூடித் திறந்தேன், பழைய தற்காலிக ஃபைலை எல்லாம் அழிச்சேன், உன் போன் ஃபைலை வேற வகைக்கு மாத்திப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. பட்டை விழற இடம் மட்டும் மாறுது, பட்டை போகலை. கடைசியில வீடியோவை ஃபைலா எழுதி எடுக்கற வேலையை கிராபிக்ஸ் கார்டுகிட்ட விடாம, மெதுவா போனாலும் பரவாயில்லைன்னு பிராசஸர்கிட்டயே கொடுத்தேன். பட்டை போயிடுச்சு. எங்க கார்டுதான் வயசாகி உளறுது. அது கல்யாண வீடியோவுல உளறினப்போ எல்லாம் நாங்க மேலே ஒரு பூவை ஒட்டி மறைச்சிருக்கோம். உன் விளக்கு மேல பூ ஒட்ட மாட்டேன்.

முதலாளி வந்து நின்னார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெளியே உட்கார்ந்திருக்காங்க, நீ ஊமைப் படம் ஓட்டிக்கிட்டு இருக்கியான்னு கேட்டார். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னா அந்தக் கல்யாணத்தை நீங்களே வெட்டிக்குங்கன்னு சொல்லிட்டேன். அவர் திரும்பச் சொல்லலை, போயிட்டார்.

பிரேமைத் தொடலை, நீ எடுத்தபடி அறுபதும் இருக்கு. அதுக்குப் பதிலா படத்தோட அகல உயரத்தைக் குறைச்சேன். சின்னப் படமா தெரியும், ஆனா விரல் விரலா தெரியும். ரெண்டு தடவை ஓட்டிச் சுருக்கச் சொன்னேன். முதல் தடவை எங்கே அசைவு அதிகம்னு பார்த்து வெச்சுக்கும், ரெண்டாவது தடவை அங்கே அள்ளிக் கொடுக்கும். சுவர் ஒண்ணும் கேட்கலை, எல்லாம் உன் கைக்கே போச்சு. ஐம்பது எம்பிக்குள்ள அடங்கிடுச்சு.

நீ பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும், அரைகுறையா தெரிஞ்சாலும் உன் மூளை மிச்சத்தை நிரப்பிக்கும். இந்த விவரம் தெரியாத ஒருத்தர்கிட்ட காட்டு. அவங்க திருப்பிச் சொல்லட்டும்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

தையற்காரனோட சித்தப்பா மகள் ஊர்லிருந்து வந்திருக்கா. அவளும் எங்க ஆள்தான், என் கதை எதுவும் தெரியாது. போன்ல போட்டுக் கையில கொடுத்தேன். ஒரு தடவை பார்த்தா. திருப்பி முழுசாச் சொன்னா, விளக்கு எந்தப் பக்கம் தொங்கினதுங்கறது வரைக்கும். நடுவுல சூப்பர்வைசரைப் பத்தி நான் மெல்ல ஒண்ணு சொல்லியிருப்பேன், அதையும் சொன்னா. அதை வெட்டணுமான்னு கேட்காதே, இருக்கட்டும்.

எடிட்டரம்மா, நீ ஜெயிச்சுட்டே. நல்ல வார்த்தை கேட்டியே, வாங்கிக்க.

ஆனா ஒரு கேள்வி. தையற்காரனோட பொண்டாட்டிக்குக் காது கேட்கும். அவ பார்த்துட்டு, இதுல சத்தமே இல்லையேன்னா. போன்ல கோளாறான்னு வேற வீடியோ போட்டுப் பார்த்தா, அதுல இருக்காம். நான் எடுத்து அனுப்பினதுலயும் இருக்காம். நீ அனுப்பினதுல மட்டும் இல்லை.

கையால பேசும்போது என் வாயிலிருந்தும் சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். நல்லா இருக்காதுன்னும் தெரியும், ஜனங்க திரும்பிப் பார்க்கற விதத்துல இருந்து தெரியும். அதை ஏன் எடுத்தே? இடம் பத்தலைன்னா, இல்லை வெட்கமா?

தம்பி


மார்ச் 20

தம்பி,

இடம் பத்தலைன்னு ஒரு கடிதம் எழுதி வெச்சிருந்தேன். அழிச்சுட்டேன்.

சத்தத்துக்கு வேண்டிய இடம் ரொம்பக் கம்மி, ஒரு ஓரத்துல அடங்கிடும். பொய் சொன்னா ஒரு நாள் யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்குவே. அவங்க சிரிச்சுடுவாங்கன்னு பயந்தேன். அந்த அறையில வக்கீல், சூப்பர்வைசர் எல்லாரும் உட்கார்ந்திருப்பாங்க, உன் சத்தம் ஸ்பீக்கர்ல வரும், ஒருத்தன் வாயைப் பொத்திக்குவான். நான் அங்கே இருக்க மாட்டேன், எழுந்து போய் அவனை அறைய முடியாது. அதனால எடுத்துட்டேன். உன்னைக் கேட்காம எடுத்தது தப்பு. சத்தத்தைத் திரும்பச் சேர்த்தாச்சு.

இப்போ வேற ஒரு கூத்து. ஃபைலைத் தளத்துல ஏத்திட்டு, அங்கே எப்படித் தெரியுதுன்னு திறந்து பார்த்தேன். திரும்ப உருண்டை. நாம அனுப்பறதை அந்தத் தளம் தன் இஷ்டத்துக்கு இன்னொரு தடவை சுருக்குது, பிரேமைப் பாதியாக்குது. முதல் வீடியோவுல என் தப்பு பாதி, அவங்களோடது பாதி. ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். எடுத்த குமாஸ்தா, "எங்க ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருக்கு, முகம் தெளிவா தெரியுதே"ங்கறார். முகம் மட்டும் போதாது சார், கை பேசுதுன்னேன். "எல்லாருக்கும் இதே தளம்தாம்மா, ஒருத்தருக்குன்னு தனியா மாத்த முடியாது"ன்னார்.

நான் விடலை. ஒரே நொடியில எடுத்த ரெண்டு படம், ஒண்ணு நான் அனுப்பினது, இன்னொண்ணு அவங்க தளம் காட்டறது, பக்கத்துல பக்கத்துல வெச்சு நேரா அதிகாரிக்கே அனுப்பினேன். கீழே ஒரே ஒரு வரி: "பேசுகிறவரின் பேச்சை உங்கள் தளம் அழிக்கிறது." மறுநாள் அவரே போன் பண்ணினார். விசாரணை அன்னிக்கு பென் டிரைவ்ல கொண்டு வரட்டும், மொழிபெயர்ப்பாளரையும் நேர்ல வரச் சொல்றேன், அங்கேயே போட்டுப் பார்க்கலாம்னார்.

பென் டிரைவ் கூரியர்ல வருது. ரெண்டா அனுப்பியிருக்கேன், ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு. நீ போ, நிமிர்ந்து உட்கார்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

நேத்து விசாரணை. அம்மா கூட வந்தாங்க. அப்பா வரலை, ஆனா கிளம்பும்போது சட்டையைப் பார்த்தார், திருப்பிக் கேட்கலை.

பெரிய மேஜை, சுவர்ல டிவி, ஒரு பக்கம் நாங்க, எதிர்ப்பக்கம் மேனேஜர், சூப்பர்வைசர், வக்கீல். மொழிபெயர்ப்பாளர் மேடம் டிவிக்குப் பக்கத்துல நின்னாங்க. ஃபைல் முதல் தடவையே ஓடிச்சு. நான் அங்கே டிவியில பேசறேன், மேடம் வாய் அசையுது, அதிகாரி பேனாவைக் கீழே வெச்சுட்டுப் பார்க்கறார். நடுவுல அம்மா முகம் சுருங்கிச்சு. திரும்பிப் பார்த்தா வக்கீல் ஏதோ சொல்லியிருக்கார், குமாஸ்தா ரிமோட்டை எடுத்து டிவி பக்கம் நீட்டறார். திரையில சத்தத்தோட கோடு ஒவ்வொரு கட்டமா குறையுது. எனக்குக் கேட்காது, ஆனா கண் இருக்கு. எழுந்து நின்னேன். வேண்டாம்னு கையைக் காட்டினேன். அதிகாரி மேடத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அதுவும் நான் பேசறதுதான். இவர் பேசும்போது யாரும் குறைக்கலையே." மேடம் அதைச் சொன்னதும் வக்கீல் குனிஞ்சு காகிதத்தைப் புரட்ட ஆரம்பிச்சுட்டார். கோடு திரும்ப ஏறிச்சு. சூப்பர்வைசர் பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான். சிரிக்கட்டும்னு நானும் அவனையே பார்த்துக்கிட்டு நின்னேன், அவன் நிறுத்தற வரைக்கும்.

விளக்கு வர்ற இடத்துல அதிகாரி நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னார். ரெண்டாவது தடவை பார்த்துட்டு சூப்பர்வைசர்கிட்ட, அந்த விளக்கு இப்போ எங்கேன்னு கேட்டார். சூப்பர்வைசர் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். கடைசியில, பேக்கிங் பிரிவுலன்னார். அங்கே காது கேட்காதவங்க இருக்காங்களான்னு கேட்டார். இல்லை. அதிகாரி எழுதிக்கிட்டார். உத்தரவு பிறகு வரும், ஆனா இந்த ஆள் மேல குற்றம் சொல்ல என் முன்னாடி எதுவும் இல்லைன்னு வாய்விட்டே சொன்னாராம். மேடம் அதை எனக்குச் சைகையில சொன்னப்போ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, அதனால பதில் சொல்ல முடியலை.

வெளியே நடைபாதையில மேனேஜர் வந்தார். சிரிச்ச முகம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதி நீட்டினார். திங்கட்கிழமையே வேலைக்கு வரலாம், அந்த வீடியோவை மட்டும் திரும்ப வாங்கிக்கணும், ரெண்டு பக்கமும் கவனக்குறைவுன்னு முடிச்சுக்கலாம். படிச்சுட்டேன். பேனாவை என் கையில கொடுத்தார்.

எனக்கு அந்த வேலை வேணும் அக்கா. அந்த மெஷினை என்னைவிட நல்லா ஓட்ட அங்கே ஆள் இல்லை, வீட்டுல சும்மா உட்கார்ந்து அப்பா முகத்தைப் பார்க்கவும் முடியலை. ஒரு நிமிஷம் பேனா என் கையிலதான் இருந்தது. அப்புறம் அதை அவர் சட்டைப் பையிலேயே சொருகிட்டேன். ரெண்டு கையும் காலியானதும் பதிலைச் சைகையில சொன்னேன்.

அவருக்குப் புரியலை. என்ன சொல்றான்னு அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குப் புரிஞ்சுது, ஆனா வாயைத் திறக்கலை. தாளைத் திரும்ப நீட்டினார், நான் வாங்கலை. திரும்பவும் சொன்னேன், இன்னும் மெதுவா. அவர் நாலு பக்கமும் பார்த்தார். அப்புறம் அவரே விசாரணை அறைக்கு நடந்து போய், கதவைத் தட்டி, மேடத்தைக் கூட்டிட்டு வந்தார். நாங்க அசையாம நின்னோம். மேடம் வந்ததும் மூணாவது தடவை சொன்னேன்:

"வீடியோ அங்கேயே இருக்கும். முதல்ல விளக்கை மாட்டுங்க, அப்புறம் வர்றேன்."

தம்பி